கிராமப் பொது நூலகம்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புத்தளக் களப்பிற்கும் பெருங்கடலுக்கும் இடையே வடதிசை நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலமே கற்பிட்டிக் குடாநாடு. அதன்கண் உள்ள சிற்றூர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. மலையும் மலைசார்ந்த இடமுமே குறிஞ்சி எனக் கற்ற மாணவனுக்கு, மலையே காணாத இந்நெய்தல் நிலத்தில் அப்பெயர் எங்ஙனம் வந்து வாய்த்தது என்பது வியப்பாகவே தோன்றும். பிட்டி என்பது மேட்டு நிலத்தைக் குறிக்கும் என்ற அளவில் யாம் அமைந்து, எஞ்சியதைச் சொல்லாராய்ச்சி வல்லார்க்கு விட்டுவிடுவோம். மீன்பிடியும், தென்னையும், மணலிற் கிணறு தோண்டி நீர் இறைத்துச் செய்யும் வெங்காயம், மிளகாய், புகையிலை முதலிய தோட்டச் செய்கையும் இக்குடாநாட்டு மக்களின் சீவனோபாயங்கள். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் சிங்கள மக்களும் அயலயலே வாழும் கரை இது. இத்தகைய ஊரொன்றிற் பொது நூலகம் ஆற்றக்கூடிய பணி யாது, அப்பணி எவ்வழியாக வளர்ந்து வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கரையைப் பற்றிப் பேசுவோர் ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டையைப் பற்றிப் பேசாது விடார். ஆயின் கற்பிட்டி தமிழுலகிற்கு அளித்த பெருஞ் செல்வம் கோட்டையன்று, ஒரு மனிதர். சைமன் காசிச்செட்டி 1807 இற் கற்பிட்டியிலே பிறந்தார். தமிழோடு ஆங்கிலம், சிங்களம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம் முதலிய பல மொழிகளைக் கற்றார். புத்தளத்தில் மணியகாரராகவும், 1838 முதல் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும், பின்னர்ச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றி, 1860 இற் காலமானார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் செய்த நூற்பணியே நமக்கு முக்கியமானது. இலங்கையின் மாகாணங்கள், பட்டினங்கள், முதன்மையான கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள் ஆகியவற்றை அகரவரிசையில் விவரிக்கும் 'சிலோன் கசெற்றியர்' என்னும் ஆங்கில நூலை அவர் 1834 இல் வெளியிட்டபொழுது, அவருக்கு வயது இருபத்தேழுதான். தமிழ்ப் புலவர் இருநூற்றுவர் அளவினரின் வரலாற்றைக் கூறும் 'தமிழ்ப் புளூட்டாக்' 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. ஈழத்து இலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் இவ்விரண்டாம் நூலைத் தொடாது மேற்செல்ல இயலவில்லை.

அவர் காலத்தில் இலங்கையில் நூல்நிலையங்கள் இல்லாமல் இல்லை. கொழும்பில் 1824 இல் ஒன்றும், புறக்கோட்டையில் 1829 இல் ஒன்றும் தோன்றியிருந்தன. இவை சந்தா நூல்நிலையங்கள். பணமும் பதவியும் உடையார் தமக்குள்ளே நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் சபைகள் போன்றவை. இவ்விரண்டும் ஒன்றாகி, எல்லார்க்கும் உரிய கொழும்புப் பொது நூலகமாக மாறியது 1925 இலே. கற்பிட்டிக் கரையில் இருந்துகொண்டு நாடு முழுவதையும் பற்றி நூல் எழுதியவர்க்கு ஊரிலே பொது நூலகத்தின் துணை இருக்கவில்லை. தாமே தேடியும், கேட்டும், எழுதுவித்தும் சேர்த்தவற்றைக் கொண்டே அவர் எழுதினார். ஊரூராகக் கேட்டு எழுதும் அவ்வழக்கத்தை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

பொதுமக்கள் வரிப்பணத்தில் நூலகம் நடத்தலாம் என்பதைச் சட்டமாக்கியது பிரித்தானியப் பாராளுமன்றம்; ஆண்டு 1850. அச்சட்டத்தில் வேடிக்கையான குறையொன்று இருந்தது. வரிப்பணத்தைக் கட்டிடத்திற்கும் ஊழியத்திற்கும் செலவிடலாம், நூல் வாங்கச் செலவிடலாகாது! நூல்களை நல்லோர் நன்கொடையாக அளிப்பர் என எதிர்பார்த்தார்கள் போலும். ஐந்தாண்டுகளின் பின்னரே அக்குறை நீங்கிற்று. கட்டிடத் திறப்புவிழா ஆரவாரமாக நிகழ, இறாக்கைகள் பல்லாண்டு வெறுமையாய்க் கிடக்கும் காட்சியை நம் நாட்டிலும் கண்டவர்கள், அப்பழைய சட்டத்தின் ஆவி இன்னும் உலவுகின்றதோ என ஐயுறுவர்.

நூலகத்தைக் கிராமத்திற்குக் கொண்டு செல்லும் எண்ணம் இந்தியாவிற் பரோடாவிலே உருப்பெற்றது. மூன்றாம் சாயாசிராவ் மன்னர் தம் இராச்சியத்தில் ஆரம்பக் கல்வியை 1906 இற் கட்டாயமாக்கினார். எழுத்தறிந்த சிறுவர் பள்ளியை விட்டபின் வாசிக்க ஒன்றும் இல்லையாயின் கற்றதை மறந்துவிடுவர் என்பதை உணர்ந்து, 1910 இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலகரை வரவழைத்தார். ஊரவர் தம் பங்காக ஒரு தொகையைத் திரட்டினால் அரசும் உள்ளூர்ச் சபையும் தத்தம் பங்கை உடன் அளிக்கும் முறை அங்கே வகுக்கப்பட்டது. நூலகம் இல்லாத ஊர்களுக்குப் பெட்டிகளில் நூல்கள் அனுப்பப்பட்டன. ஊரவரும் பங்கு கொடுத்தபடியால், நூலகம் தங்களுடையது என்னும் எண்ணம் அவர்களிடம் எழுந்தது.

தமிழ்நாட்டில் இவ்வெண்ணம் மாட்டுவண்டியில் ஏறிற்று. மன்னார்குடியை அடுத்த மேலவாசல் என்னும் ஊரில், இளைப்பாறிய பொறியியலாளராகிய எஸ். வி. கனகசபைப்பிள்ளை என்பார் 1931 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆந் திகதி நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடக்கிவைத்தார். எருதுகள் இழுக்கும் வண்டியில் நூற்பெட்டிகளை அமைத்து, ஊரூராகச் சென்று நூல்களை இரவல் கொடுத்து, முன் கொடுத்தவற்றை மீளப் பெறுவது அதன் வேலை. பாலங்களும் வீதிகளும் அமைக்கும் துறையில் உழைத்து இளைப்பாறிய ஒருவர், வீதி எதற்காக உண்டு என்பதைப் புதுவகையிற் காட்டினார் எனலாம்.

அவ்வண்டியின் பின்னே நின்ற சிந்தனை எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களுடையது. சீர்காழியைச் சேர்ந்த இரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்தவர். 1924 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானபின், இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பெற்றுத் திரும்பினார். வண்டி புறப்பட்ட அதே 1931 ஆம் ஆண்டிலேதான் நூலகவியலின் ஐந்து விதிகளைக் கூறும் அவரது நூலும் வெளிவந்தது. நூல் பயன்படுத்தப்படுவதற்கே உரியது என்பதே அவற்றுள் முதலாவது விதியின் கருத்து. இது யாவரும் அறிந்ததுதானே என நாம் எளிதாகக் கூறிவிடலாம். ஆயினும் நூலைப் பூட்டிவைத்துப் பாதுகாப்பதையே நூலகரின் தலையாய கடமையாகக் கருதிய காலம் அது. திறப்புக்கோவையை இடுப்பிற் செருகிக்கொண்டு, சிறுவர் வந்தாற் கடிந்து துரத்தும் நூலகக் காவலரை என் இளமையிலும் கண்டிருக்கிறேன். இரங்கநாதனும் அவரோடொத்தாரும் இடையறாது முயன்றதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராயிருந்த காலத்தில், 1948 இற் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் அறவிட அது வழிசெய்தது.

இனி, நம் நாட்டை நோக்குவோம். இலங்கையிற் கிராம நூலகம் வண்டியிலும் வரவில்லை, நூலகத்திற்கென விதித்த வரியாலும் வரவில்லை. அது பத்திரிகையோடு வந்தது என்பது என் துணிபு. 1930 இல் வீரகேசரியும், யாழ்ப்பாணத்தில் ஈழகேசரியும் தோன்றின. 1932 இல் தினகரன் தோன்றியது. ஒவ்வொரு வீட்டாரும் பத்திரிகை வாங்கும் வசதி அற்ற காலத்தில், ஊரவர் கூடி ஒரு கொட்டிலிலோ, வாடகை அறையிலோ, மடத்துத் திண்ணையிலோ பத்திரிகை போட்டு வாசித்தார்கள். அதற்கு வாசிகசாலை என்று பெயர். நூல்நிலையம் என்னும் சொல் நூல் நிற்கும் இடத்தைச் சுட்டுகின்றது. வாசிகசாலை என்பதோ மனிதர் இருந்து வாசிக்கும் இடத்தைச் சுட்டுகின்றது. எழுத்தறியாத முதியவர்க்கு இளைஞன் ஒருவன் உரக்க வாசிக்க, அவர் இடைமறித்துக் கேள்வி கேட்க, அதிலிருந்து ஒரு விவாதம் கிளம்பும். வாசிப்பு என்பது தனியொருவன் வாய்மூடிச் செய்யும் காரியமாக அங்கே இருக்கவில்லை. பின்னர் இவ்வாசிகசாலைகள் பல சனசமூக நிலையங்களாயின.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் இத்தகைய எளிமையுடையதே. க. மு. செல்லப்பா என்பார் 1933 இல் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் குழுவொன்று அமைந்து, வாடகை அறையொன்றில் நூலகம் முறையாக ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் அது வளர்ந்து, இரங்கநாதனின் ஆலோசனையும் பெற்று, 1959 இல் தனக்கெனக் கட்டிய பெருங் கட்டிடத்திற் குடிபுகுந்தது. ஆகவே மேலவாசல் வண்டிக்கும் யாழ்ப்பாணத்து மாளிகைக்கும் ஆலோசகர் ஒருவரே. 1981 மே மாத இறுதியிலும் ஜூன் முதலாந் திகதியிலுமாக அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது, 97,000 அளவான நூல்களும் ஏடுகளும் அழிந்தன. கட்டிடம் மீள எழுந்துவிட்டது. அச்சில் வந்த நூல்களுட் பலவற்றை மீளத் தேடி வாங்கவும் முடிந்தது. ஒற்றைப் பிரதியாய் இருந்தவற்றை வாங்குதற்குக் கடை எங்கும் இல்லை. நூலகம் என்பது இரவல் கொடுக்கும் இடம் மட்டுமன்று, வேறெங்கும் இல்லாததை வைத்திருக்கும் இடமும் ஆகும் என்பதை நம் சமுதாயம் அந்நெருப்பின் வெளிச்சத்திலேதான் நன்கு கண்டது.

பட்டினங்களுக்கு அப்பாற்பட்ட ஊர்களில் நூலகம் நடத்தும் பொறுப்பு முன்னர்க் கிராமச் சங்கங்களிடம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் அமைந்தபின் அது அவற்றிற்கு உரியதாயிற்று. குறிஞ்சிப்பிட்டி கற்பிட்டிப் பிரதேச சபையின் எல்லைக்குட்பட்டது. வீதி விளக்கும் சந்தையும் குப்பை அகற்றலும் எவருடைய பொறுப்போ, நூலகமும் அவர்களுடைய பொறுப்பே. இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. ஊர்ச் சபை ஊரவர்க்கு அணித்தானது. ஆனால் வாக்காளர் வீதி விளக்கைக் கேட்குமளவிற்கு நூலைக் கேட்பதில்லை. மேல்நிலையில் 1970 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நூலகச் சேவைகள் சபை தோன்றியது. தேசிய நூலகக் கட்டிடம் 1990 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஒக்டோபர் மாதம் வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. அம்மாதத்திற் பாடசாலைகளிற் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் மலிகின்றன. நவம்பரிற் பிள்ளைகள் எங்கே வாசிக்கிறார்கள் என்று கேட்பார் குறைவு.

கிராம நூலகம் ஒன்றின் அன்றாடப் பணி பலரும் அறிந்ததே. ஆதலின் அதனை விரிக்க வேண்டியதில்லை. இரவல் பகுதி, உசாத்துணைப் பகுதி, சிறுவர் பகுதி, பத்திரிகைப் பகுதி என அது பிரிந்திருக்கும். இவற்றுட் பத்திரிகைப் பகுதிக்கே காலையில் ஆட்கள் வருவர். கடலிலிருந்து மீண்டு, வலை உலர்த்திவிட்டு வருவோரும், தோட்டத்திற்கு நீர் இறைத்து முடித்தோரும் அங்கே அமர்வர். வெங்காயத்தின் விலை என்ன, காற்று எப்போது தணியும், எந்தத் திணைக்களத்தில் வேலைக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள் என்பன அங்கே வாசிக்கப்படுவன. வர்த்தமானியைப் புரட்டி விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் நூலகர், ஓர் இளைஞனுக்கு எந்த நாவலாசிரியரையும் விடப் பெரிய உபகாரம் செய்தவராகின்றார். இதனை இலக்கியவாதிகள் தாழ்வாக எண்ணக்கூடும்; யான் அவ்வாறு எண்ணவில்லை. மாலையில், வீட்டில் மேசையும் தனியறையும் இல்லாத மாணவர் வருவர். பெண்பிள்ளைகள் பெற்றோரின் மறுப்பின்றிப் போய்வரக்கூடிய பொது இடங்கள் கிராமங்களிற் சிலவே. அவற்றுள் நூலகமும் ஒன்று.

இவ்விடத்தில் என்னைப் பற்றிச் சில சொற்கள் கூறுவதை வாசகர் பொறுத்தருள்வாராக. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து கற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. பகலிற் கற்பித்து, மாலையிற் கிராம நூலகமொன்றின் மூலை மேசையில் இருந்து படித்து, வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன் யான். இதிற் புதுமை ஒன்றும் இல்லை. கொழும்பில் 1921 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை நம் நாட்டிற் பட்டம் என்றால் பெரும்பாலும் இலண்டன் பட்டமே. நம் கல்லூரிகளின் பழைய ஆசிரியர் பலர் அவ்வழி வந்தோர். வெளிவாரி மாணவனுக்கு நூலகமே விரிவுரையாளர். எனக்கு வேண்டிய நூல் இல்லாதபோது, அதனைப் பட்டினத்திலிருந்து தாமே பேருந்தில் எடுத்துவந்து தந்த நூலகர் ஒருவரை நினைக்காமல் என்னால் இக்கட்டுரையை எழுத இயலாது.

ஆயினும் அதே நூலகத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே பின்புறத்து அலுமாரியொன்றில் ஊர் இளைஞர் ஒரு காலத்தில் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையின் இதழ்களும், கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகளும், திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும் கிடந்தன. கணக்காய்வுக்கு முன்னர்ச் சேர்வுப் பதிவேட்டோடு நூல்களை ஒப்புநோக்கியபோது, இவை எவற்றிற்கும் பதிவிலக்கம் இல்லை எனக் கண்டு, பழைய தாள் வாங்குவோர்க்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். எவரும் தீய எண்ணத்தோடு செய்த காரியமன்று. பதிவேட்டில் இல்லாதது நூலகத்தில் இல்லாததே என்பது விதி, விதிப்படியே நடந்தது. அடுத்த வாரம் அவ்விதழ்களைத் தேடிச் சென்றபோதுதான் யான் அறிந்தேன். அவை வேறெங்கும் இல்லை.

கற்பிட்டிக் கரைக்கு இது வெறும் ஏட்டுச் சுவடி ஆர்வலரின் கவலையன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் எழுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் தமிழீழ விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தள மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களிற் கடல்வழியே வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். கையிற் கொண்டு வந்தவை சொற்பம். காணி உறுதிகளும் பாடசாலைச் சான்றிதழ்களும் பலர்க்கு அங்கேயே தங்கிவிட்டன. நூல்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வூர்களின் வரலாறு அன்று தொட்டு மனிதரின் ஞாபகத்தில் மட்டுமே பயணஞ் செய்தது. அன்று இருபது வயதினராய் இறங்கியவர் இன்று ஐம்பதைக் கடந்தவர். அன்றே முதியவராயிருந்தோர் இன்றில்லை. வந்தோரை ஏற்று, கிணற்று நீரையும் பள்ளிக்கூட வாங்கையும் பகிர்ந்துகொண்ட இக்கரை ஊர்களின் வரலாறும் அத்தகையதே. அதில் நன்றியும் உண்டு, நெருக்கடியால் எழுந்த மனக்கசப்பும் உண்டு. இரண்டும் எழுதப்படவேண்டியவை.

நூலக அங்கத்துவத்திற்கு அப்பிரதேசத்தில் வரி இறுக்கும் ஒருவரின் பிணை வேண்டும் என்னும் வழக்கத்தை இதனோடு வைத்து நோக்குக. நிலையான வதிவிடம் உடையாரை மனத்திற்கொண்டு எழுந்த வழக்கம் அது. நூல் தொலையாமற் காக்க அது உதவுமென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, வாக்காளர் இடாப்பிற் பெயர் வேறொரு மாவட்டத்தில் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குப் பிணை நிற்பார் யார்? நூல் பயன்படுத்தற்கே உரியது என்னும் விதியும், நூலைக் காக்கவேண்டும் என்னும் விதியும் மோதும் இடம் இது. மோதும்போது எதற்கு முதலிடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நூல் ஒன்று தொலைந்தால் அதன் விலை சில நூறு ரூபாய். வாசகன் ஒருவன் தொலைந்தால் அதனை எந்தக் கணக்காய்வாளரும் எழுதி வைப்பதில்லை.

நூலகங்களில் வழங்கும் தூயி தசாம்சப் பகுப்பில் இலங்கை வரலாற்றிற்கு 954.93 என்னும் எண் உரியது. கிராம நூலகங்களில் அவ்வெண்ணின்கீழ் நிற்பவை பெரும்பாலும் அநுராதபுரத்தையும் கண்டியையும் யாழ்ப்பாண அரசையும் பற்றிய நூல்களே, அவை வேண்டியவையே. அவற்றினருகே அவ்வூரைப் பற்றிய ஒரு கொப்பியாவது இருக்கவேண்டும் என்பதே யான் கேட்பது. அச்சிட்ட நூலாக இருக்கவேண்டியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்துச் சிறு வெளியீடுகளையும் சஞ்சிகைகளையும் பல்லாயிரக்கணக்கில் மின்வருடி இணையத்தில் வைத்துள்ளனர். ஒற்றைப் பிரதி அழிந்துவிடுமென்னும் அச்சத்திற்கு அது பெரிய மருந்து. ஆயினும் எழுதப்படாததை எந்த இயந்திரமும் வருட இயலாது. 1834 இற் காசிச்செட்டி ஊர் ஊராகக் கேட்டு எழுதிய வேலையை ஊரில் இருப்பவரே செய்தல் வேண்டும்.

சென்ற ஆண்டில் என் வகுப்பு மாணவர் சிலரை முதியோரிடம் அனுப்பினேன். வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்னும் காற்றுக்களின் பெயரையும் அவை வீசும் மாதங்களையும், கரைவலைப் பாடுகளின் பெயரையும், பழைய கிணறுகள் எவரெவர் வெட்டியவை என்பதையும், வள்ளத்தில் வந்திறங்கிய அன்றிரவு எந்த வீட்டில் உணவு கிடைத்தது என்பதையும் அவர்கள் கேட்டு எழுதிவந்தார்கள். எழுத்துப் பிழைகள் மலிந்த இரண்டு அப்பியாசக் கொப்பிகள். அவற்றை நூலகத்திற்குக் கொண்டு சென்றபோது, நூலகர் பதிவேட்டைத் திறந்து சிறிது தயங்கினார். ஆசிரியர் பெயர், பதிப்பாளர், விலை என அதில் நிரல்கள் உண்டு. ஆசிரியர் நிரலிற் பிள்ளைகளின் வகுப்பை எழுதினோம். பதிப்பாளர் நிரலில் ஒரு கோடு. விலை நிரலில் 'அன்பளிப்பு' என எழுதி, இரண்டு கொப்பிகளுக்கும் இலக்கமிட்டு, முத்திரை குத்தினார்.